பட்டறையில் வைத்த அடுப்பும் நாற்பத்து மூன்று ஷாஃப்டும்

டீக்கடை அண்ணனுக்கு நான் நாலாயிரத்து முந்நூற்று இருபது பாக்கி வைத்திருந்தேன். முழுக்க முழுக்க டீக்கடன். ஒரு டீ பத்து. நாங்கள் மூன்று பேர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாளைக்கு அறுபது. எழுபத்திரண்டு நாள் குடித்த டீ. இந்தக் கணக்கை நான் மனதிலேயே போட்டுவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான், ஆனால் வாய்ப்பாட்டில் என்னை மடக்கிய பட்டதாரி இன்னும் பிறக்கவில்லை.

இன்று என் பட்டறையில் பதினொரு லேத் ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்களுக்கு எப்ப முடிச்சுத் தருவீங்க?" என்று தணிந்த குரலில் கேட்கிறார்கள். அப்போது இருந்தது ஒரே ஒரு லேத். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. அதையும் தவணையில் வாங்கியிருந்தேன். ஊரான் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளிய கை இது, அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு மெஷின் கிடைத்ததே பெரிது என்று ஊர் பேசியது. ஊர் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட இரண்டு பேர். ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. துளை போடுவது, சாவிக்காடி என்கிற பள்ளம் வெட்டுவது அவன் வேலை. இன்னொருவன் லேத் ஓட்டுகிறவன். அவனுக்கு மைக்ரோ என்று பெயர் வைத்திருந்தோம். மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடவே போவான். அவன் கல்யாணத்தில் மோதிரத்தை அளந்து பார்த்தான் என்று மச்சான் சொல்வான், நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

டீக்கடை எதிர்ச்சாரியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அண்ணன் டீயை ஆற்றுகிற உயரத்தைப் பார்த்தால் கிளாஸில் பாதிக்கு மேல் நுரைதான் இருக்கும். "நுரைக்கும் சேத்துத்தான் காசா?" என்று மைக்ரோ தினமும் கேட்பான். "நுரை இலவசம்ப்பா, டீக்குத்தான் காசு. வேணும்னா நுரையை வச்சிட்டுப் போ" என்று அவரும் தினமும் சொல்வார்.

அந்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்கண்ணே."

"கட்டடக்காரர் அட்வான்ஸை ஏத்திட்டாரு. மாசக் கடைசி சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம். இல்லன்னா அடுப்பைத் தூக்கிட்டுக் கெளம்புன்னுட்டாரு. போன் ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் கையில காசோட நிக்கிறான். எல்லாத்தையும் சொரண்டிச் சேத்துட்டேன். உங்க பாக்கி வந்துட்டா சரியா இருக்கும்."

"வந்துரும்ண்ணே. ஷாஃப்ட் போயிட்டாப் போதும், மறுநாளே வந்துரும்."

ஷாஃப்ட் என்று நான் சொன்னது ஒரு பம்பு கம்பெனி ஆர்டர். நூற்று இருபது ஷாஃப்ட், பம்புக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டு. என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. நூற்று இருபதும் தேறினால்தான் பணம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். லேத் தவணையே இரண்டு மாதம் நின்றிருந்த நேரம். வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் எனக்குக் காசு வரப் போவதில்லை. ஷாஃப்ட் போனால் பணம். பணம் வந்தால் அண்ணனுக்குக் கடை. இல்லையென்றால் பதினெட்டு வருஷம் அவர் நின்ற இடத்தில் போன் ரிப்பேர்க்காரன் நிற்பான், காரணம் நான்.

அதற்குப் பிறகு அண்ணன் பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கிளாஸை வைப்பார், "சக்கரை சரியா இருக்கா?" என்பார், அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். கேட்டுத் தொலைத்தால் ஒரு பதில் சொல்லலாம். கேட்காத ஆளுக்கு என்ன பதில் சொல்வது?  சாயங்காலம் நாலு மணி ஆகப் போகிறது என்றாலே இல்லாத வேலையைத் தேட ஆரம்பிப்பேன்.

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு ஒரு காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் ஒற்றை அடுப்பு, ஒரு பாத்திரம், வடிகட்டி, டீத்தூள், சர்க்கரை எல்லாம் வாங்கினேன். பழைய அடுப்புதான். அதையும் மச்சானை விட்டுத் தூக்கி வரச் சொன்னேன்.

"இனிமே டீ இங்கயே. வெளிய போக வேண்டாம்" என்றேன்.

"யாரு போடுவா?" என்றான் மச்சான்.

"நான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்கடா. கணக்கு சொல்றேன் கேளு. கடையில ஒரு டீ பத்து. இங்க போட்டா பால், தூள், சக்கரை, கேஸ் எல்லாம் சேத்து நாலு. நாளைக்கு முப்பத்தாறு மிச்சம். போய் வர ஒவ்வொரு தடவையும் அரை மணி. அதுவும் மிச்சம்."

கணக்கு சரி. ஒரு காசு தப்பு கிடையாது. ஆனால் நான் அடுப்பு வாங்கியது முப்பத்தாறுக்காக இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அவளே விஷயத்தை வேறு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆகி ஒம்பது வருஷத்துல எனக்கு ஒரு நாள் காபி போட்டுத் தந்திருக்கீங்களா? வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது. பட்டறைல போய் டீ மாஸ்டரா?"

"அது தொழில்."

"ஓ, தொழிலா? அப்ப எனக்கும் சம்பளம் போட்டுக் குடுங்க."

என் முதல் டீயைக் குடித்துவிட்டு மச்சான் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மாமா, இதுல டீ எந்தப் பக்கம் இருக்கு?"

மைக்ரோ ஒரு வாய் குடித்தான். "குத்தம் சொல்லலண்ணே. சூடா இருக்கு."

இரண்டாம் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மூன்றாம் நாள் என் டீ தேறிவிட்டது. இதை அவர்கள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. எதையும் நான் கற்றுக்கொள்ள மூன்று நாளைக்கு மேல் எடுத்ததில்லை, லேத்தையே மூன்று நாளில் பிடித்தவன்.

டீயை மெஷின் பக்கத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மைக்ரோ ஒரு கையில் கிளாஸைப் பிடித்தபடி மறு கையால் ஓட்டினான். மெஷின் நிற்கவே இல்லை. நாளைக்கு எட்டு ஷாஃப்ட் என்று போய்க்கொண்டிருந்தது பதினொன்று ஆகிவிட்டது. நான் மார்தட்டிக்கொண்டேன். ஒரு பழைய அடுப்பு நாளைக்கு மூன்று ஷாஃப்ட் அதிகம் தருகிறது என்றால், அந்த மூளை யாருடையது?

ஆனாலும் நாலு மணிக்கு என் கண் தானாக எதிர்ச்சாரிக்குப் போகும். முதல் நாள் அண்ணன் வழக்கம்போல மூன்று கிளாஸை எடுத்துக் கழுவி வரிசையாக வைத்தார். எங்கள் ஷட்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றையும் திரும்பக் கவிழ்த்து வைத்தார். நான் சட்டென்று கதவு மறைவுக்கு நகர்ந்துகொண்டேன். அங்கே நின்று குடித்த டீ எனக்குக் கசந்தது. தூள் கொஞ்சம் கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

நூற்று இருபதையும் முடித்துப் பம்பு கம்பெனியில் இறக்கினோம். மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார்கள். பணம் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே தரம் பார்க்கிற மேடம் சின்ன வயதுதான். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "எழுபத்தேழு பாஸ். நாப்பத்தி மூணு ரிஜெக்ட்."

"மேடம்?"

"பேரிங் உக்கார்ற இடம் ரெண்டு பாயிண்ட் கம்மியா இருக்கு."

ஒரு மில்லிமீட்டரை நூறு பாகமாகப் பிரித்தால் ஒரு பாகத்துக்கு நாங்கள் பாயிண்ட் என்போம். அதில் இரண்டு என்பது தலைமுடியைவிட மெலிசு. ஆனால் அந்த இரண்டு குறைந்தால் பேரிங் பிடிக்காமல் சுற்றும், பம்பு உதறும். ஷாஃப்ட் பெருத்திருந்தால் இன்னொரு தடவை சீவலாம். இளைத்த இரும்பை யாராலும் பருக்க வைக்க முடியாது.

"நாங்க ஒவ்வொண்ணா அளந்துதான் அனுப்பினோம் மேடம்."

"நாங்களும் அளந்துதான் சொல்றோம். வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் டைம் தரேன். நாப்பத்தி மூணும் புதுசா வரணும். வந்தா சனிக்கிழமை பேமென்ட். வரலன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அந்தச் சனிக்கிழமைதான் மாதக் கடைசி.

நாற்பத்து மூன்றையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.  வந்ததும் மைக்ரோ மேல் பாய்ந்தேன்.

"உன் மைக்ரோமீட்டரைத் தூக்கிக் குப்பைல போடு!"

அவன் ஒரு ஷாஃப்டை எடுத்து அளந்தான். முகம் வெளுத்தது. இன்னொன்று. இன்னொன்று. "ரெண்டு கம்மிண்ணே. எல்லாமே ரெண்டு கம்மி. ஆனா நான் அளந்தப்ப சரியா இருந்துச்சு. சத்தியமாண்ணே."

"அப்ப வழியில இளைச்சிருச்சா? பத்தியம் இருந்துச்சா?"

"என்னை நம்பலன்னா இப்பவே போயிடறேன்." கையிலிருந்த துணியை மெஷின் மேல் வீசினான். அவன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அவன் போனால் என் பட்டறை அன்றோடு முடிந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நடுவில் மச்சான்தான் தரையில் உட்கார்ந்து ஷாஃப்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றின் முனையிலும் நான் வரிசை எண் குத்தி வைப்பது வழக்கம். அப்படி ஒரு பழக்கம் அப்போது எந்தப் பட்டறையிலும் கிடையாது, நான் கொண்டுவந்தது.

"மாமா, எல்லாமே எழுபத்தெட்டுக்கு மேல."

"அதுக்கென்ன?"

"எழுபத்தேழு வரைக்கும் ஒண்ணுகூட கெடல. எழுபத்தெட்டுல இருந்து ஒண்ணுகூடத் தேறல." அவன் மூலையைப் பார்த்தான். "எழுபத்தெட்டு போட்ட அன்னிக்குத்தான் நான் அடுப்பைத் தூக்கிட்டு வந்தேன்."

மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தோம். அது பாட்டுக்கு இருந்தது. அடுப்புச் சூடு மெஷினுக்கு ஆகவில்லையா? ஆவி பட்டதா? நான் என்னென்னவோ கேட்டேன். மைக்ரோ மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, முன்னாடி எப்படி செஞ்சோம்? டீக்குப் போறதுக்குள்ள நாலு ஷாஃப்ட்டுக்கு, அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சு, முரட்டு வெட்டு முடிப்பேன். தரையில வரிசையாப் போட்டுட்டு டீக்குப் போவோம். அரை மணி கழிச்சு வந்து கடைசி வெட்டு. இப்ப?"

இப்போது மாட்டிய ஷாஃப்டைக் கழற்றாமல், முரட்டு வெட்டும் கடைசி வெட்டும் ஒரே மூச்சில் ஓட்டினோம். அதனால்தான் எட்டு பதினொன்று ஆனது. வெட்டிய சூட்டோடு அளந்தோம்.

இரும்பு சூட்டில் பருக்கும், ஆறினால் இளைக்கும். இது பட்டறை கூட்டுகிற ஆளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? மைக்ரோவுக்குத் தெரியாதா? ஆனால் "ஆறட்டும்" என்ற வார்த்தையை நாங்கள் ஒரு நாளும் சொன்னதே இல்லை. "டீக்குப் போலாம்" என்றுதான் சொல்வோம். நாங்கள் நுரைக்குக் காசு பேசிக்கொண்டு நின்ற அரை மணியில் ஷாஃப்ட் தன்பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. டீயை உள்ளே கொண்டு வந்தேன், அந்த அரை மணியை வெளியே தள்ளிவிட்டேன்.

சந்தேகம் தீர ஒரு துண்டை மாட்டி வெட்டி, சூட்டோடு அளந்தோம். சரியான அளவு. தரையில் வைத்துவிட்டு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் கை அதைத் தொடப் போகும், மைக்ரோ தட்டிவிடுவான். அரை மணி கழித்து அளந்தான். இரண்டு பாயிண்ட் குறைவு.

மத்தியானமே என் மோட்டார் சைக்கிளை விற்றேன். வாங்கியவன் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டான், பேரம் பேச எனக்கு நேரம் இல்லை. இரும்புக் கடை சாத்துவதற்குள் கம்பி வாங்கி, தலையில் சுமந்து வந்து இறக்கினேன். வண்டி விற்ற காசு கிட்டத்தட்ட மொத்தமும் கம்பிக்கே போய்விட்டது. நாற்பத்து மூன்று ஷாஃப்ட், நாளைக்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினால் வெள்ளி காலையில் முடியும். நடுவில் ஒன்று கெட்டாலும் மாற்றுக் கம்பி கிடையாது.

ஞாயிறு காலை நாலு ஷாஃப்ட் முரட்டு வெட்டு முடிந்து தரையில் கிடந்தது. நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

"வேண்டாண்ணே" என்றான் மைக்ரோ. "வெளிய போலாம்."

"ஏண்டா? இங்கயே குடிச்சிட்டு ஆற விட்டாப் போச்சு."

"நீங்க இங்க இருந்தா பத்தாவது நிமிஷம் எடுத்து அளப்பீங்க. பதினஞ்சாவது நிமிஷம் மாட்டச் சொல்லுவீங்க. எனக்கு உங்களைத் தெரியும். ஷட்டரை இழுத்துப் பூட்டுங்க."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. என் சுறுசுறுப்பு அப்படி. பூட்டினேன். ஆனால் எதிர்ச்சாரிக்குப் போவதற்கு என் கால் வரவில்லை. தெருவைத் தாண்டுவது ஆற்றைத் தாண்டுவது போல இருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டார்.

"வாங்க முதலாளி! பட்டறைல ஓட்டல் வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கு அங்க லீவா?"

கடைக்கு வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது.

"மாமா போட்ட டீயைக் குடிச்சு ஷாஃப்டே இளைச்சிருச்சுண்ணே" என்றான் மச்சான்.

நான் அண்ணனை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்து மூன்று, இரண்டு பாயிண்ட், இரும்பு ஆற வேண்டிய அரை மணி, வெள்ளி மூன்று மணி, சனிக்கிழமைப் பணம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது. பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப சனிக்கிழமை வருமா, வராதா?"

"தெரியலண்ணே."

என் வாழ்க்கையில் நான் 'தெரியல' என்று சொன்னது ரொம்பக் குறைவு.

அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு கையை நீட்டினார். "ஷட்டர் சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க ஆளு உள்ள சொன்னது தெருவைத் தாண்டி என் காதுலயும் விழுந்துச்சு. அரை மணி ஆகாம தரமாட்டேன். இது இப்ப என் கடைக்கும் சேத்துத்தானே ஆறுது."

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் சாவி அவரிடம். சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிடுவார். நான் நடப்பேன், நிற்பேன், மணி கேட்பேன். "இன்னும் பதினோரு நிமிஷம்" என்பார். கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். "முதலாளி, டீ ஆறுது, அதைக் குடிங்க. இரும்பு ஆறுறதை இரும்பு பாத்துக்கும்" என்பார். சொல்லிவிட்டு அவரே எங்கள் ஷட்டரைப் பார்ப்பார். அவருக்கும் என்னைப் போலத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை போன் ரிப்பேர்க்காரன் வந்து டீ குடிப்பதுபோல நின்று மாடிப்படியின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனான். அன்று அண்ணன் ஆற்றிய டீயில் நுரையே வரவில்லை.

புதன்கிழமை ஒரு ஷாஃப்டில் கத்தி லேசாகக் கடித்துவிட்டது. மைக்ரோ மூச்சை அடக்கிக்கொண்டு அளந்தான். அந்தக் கீறல் கடைசி வெட்டில் மறைந்துவிடும் என்றான். மறைந்துவிட்டது. அது தெரிகிற வரைக்கும் மூன்று பேருமே சாப்பாட்டைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைசி மூன்றையும் முடித்து, வாடகை வண்டியில் போட்டு, இரண்டு மணிக்கே பம்பு கம்பெனி வாசலில் நின்றேன். மேடம் ஒவ்வொன்றாக எடுத்தார். அளந்தார், வைத்தார், எழுதினார். நாற்பத்து மூன்று தடவை என் நெஞ்சு நின்று நின்று ஓடியது. முப்பதாவதில் அவர் ஒன்றை இரண்டாம் தடவை அளந்தார்.  பிறகு அதையும் தேறிய பக்கமே வைத்தார்.

"எல்லாம் ஓகே. என்ன மாத்துனீங்க?"

"டீ, மேடம்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் விளக்கவில்லை. தொழில் ரகசியத்தை எல்லோரிடமும் கொட்டக் கூடாது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். காசாளர் இல்லை. பன்னிரண்டுக்கு வந்தார். சாப்பிடப் போனார். இரண்டரைக்கு ஒரு கையெழுத்து குறைகிறது என்றார். கையெழுத்துப் போடுகிறவர் எங்கோ மீட்டிங்கில் இருந்தார். பெஞ்சில் உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்தேன். நாலு மணிக்குப் பணம் கையில் வந்தது. எண்ணிப் பார்க்காமல் நான் வாங்கிய பணம் அது ஒன்றுதான். வண்டி இல்லை. பஸ் வந்தது, நிரம்பி வழிந்தது, படியில் தொங்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். சட்டைப்பையைக் கையால் அழுத்திக்கொண்டு.

தெருவுக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால். டீக்கடை அடுப்பு அணைந்திருந்தது. கட்டடக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் ரிப்பேர்க்காரன் மாடிப்படிக்குக் கீழே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். அண்ணன் கிளாஸ்களைக் கழுவி ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மைக்ரோவும் மச்சானும் ஒன்றும் செய்யத் தெரியாமல் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆறு மணி வரைக்கும் சாயங்காலம்தானே?" என்றேன். மூச்சு வாங்கியது.

கட்டடக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமா. அதுக்கென்ன?"

"டேப்பைச் சுருட்டச் சொல்லுங்க."

அண்ணன் திரும்பினார். அவர் கை சோப்பு நுரையாக இருந்தது. துண்டில் துடைத்தார், இரண்டு பக்கமும். பிறகு என் பக்கம் நீட்டினார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே கணக்கைச் சொன்னேன். பழைய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று இருபது. இந்த ஐந்து நாள் முந்நூறு. நேற்றுக் காலை ஒரு தடவை, முப்பது. ஆக நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது.

அவர் உள்ளங்கையில் ஐநூறு ஐநூறாக ஒன்பது வைத்தேன். அதன் மேல் ஒரு நூறு. அதன் மேல் ஐம்பது.